டிரிங்கோமலி போர்க்கப்பலும் நினைவுப்பொருட்களும்

எச்.எம்.எஸ். டிரிங்கோமலி, பம்பாயில் கட்டப்பட்டு 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கப்பட்ட பிரித்தானியக் கடற்படையின் பாய்மரப் போர்க்கப்பல். திருகோணமலையின் ஆங்கில வடிவமே இதன் பெயர். நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹார்ட்லிபூல் நகரில் அருங்காட்சியகமாக நிற்கிறது. இக்கப்பல் உடைபடாமல் தப்பிய வரலாறு, உடைந்துபோன வேறொரு கப்பலின் வரலாற்றோடு பிணைந்தது.

கட்டுமானம்

நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. எனவே கடற்படை பம்பாய்க் கப்பல் தளத்தை நாடியது. அங்கே மலபார் தேக்கும், வாடியா குடும்பத்தைச் சேர்ந்த பார்சி தச்சர்களின் திறமையும் இருந்தன. டிரிங்கோமலிக்காக முதலில் அனுப்பப்பட்ட வரைபடங்கள் ஜாவா என்ற கப்பலில் வந்தன. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் அக்கப்பலை வென்று எரித்தது. மீண்டும் வரைபடங்கள் அனுப்பப்பட்டு, 1816இல் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் பொறுப்பில் வேலை தொடங்கியது. அதற்குள் போர் முடிந்துவிட்டது. இங்கிலாந்து சேர்ந்த கப்பல் பல ஆண்டுகள் பணியின்றிக் கிடந்தது. 1847 முதல் 1857 வரை இருமுறை தொலைதூரக் கடல்களில் பணியாற்றியபின் பயிற்சிக் கப்பலானது.

ஃபூட்ரோயன்ட்டின் முடிவு

1799 முதல் 1800 வரை நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்தது ஃபூட்ரோயன்ட். 1892இல் அது உடைப்பதற்காக விற்கப்பட்டபோது மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. ஜெஃப்ரி வீட்லி காப் என்ற செல்வந்தர் அதை மீட்டுப் புதுப்பித்தார். செலவை ஈடுகட்டக் கடற்கரை நகரங்களில் காட்சிக்கு வைத்தார். 1897 ஜூன் 16 அன்று பிளாக்பூலில் வீசிய புயலில் நங்கூரச் சங்கிலி அறுந்து, கப்பல் கரை மோதிச் சிதைந்தது. மாலுமிகள் உயிர்காப்புப் படகால் மீட்கப்பட்டனர்.

சிதைந்த கப்பலின் ஓக் பலகைகள் மேசை, நாற்காலிகளாகவும், செம்பு பதக்கங்களாகவும் மாறி நினைவுப்பொருட்களாக விலைபோயின. அதே ஆண்டில் உடைப்பவர் கைக்குப் போயிருந்த டிரிங்கோமலியை வாங்கி, அதற்கு ஃபூட்ரோயன்ட் என்று பெயரிட்டார் காப். 1986 வரை இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி அளித்த இக்கப்பல், 1987இல் ஹார்ட்லிபூலுக்கு வந்தது. 1992இல் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. சீரமைப்பு 2001இல் நிறைவுற்றது.

துண்டும் முழுமையும்

ஒரு கப்பலின் துண்டை விற்று இன்னொரு பகுதியைக் காப்பது வேறிடங்களிலும் நடந்திருக்கிறது. 1920களில் கான்ஸ்டிடியூஷன் கப்பலைப் பழுதுபார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் காசு திரட்டினர். கழற்றப்பட்ட மரத்தில் செய்த நினைவுப்பொருட்களும் விற்கப்பட்டன. அந்தக் கப்பல் இன்றும் பாஸ்டனில் மிதக்கிறது.

இந்தியாவின் விக்ராந்த் கப்பலுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. பிரித்தானியாவில் கட்டப்பட்டு 1961இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் வங்கக் கடலில் செயற்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் அது. மும்பையில் 2012 வரை அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்க வழியின்றி விற்கப்பட்டு, 2014இல் அதே நகரில் உடைக்கும் பணி தொடங்கியது. அதன் உலோகம் கலந்த மோட்டார் சைக்கிளை 2016இல் பஜாஜ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பம்பாயில் கட்டிய கப்பல் இங்கிலாந்தில் மிதக்கிறது; இங்கிலாந்திலிருந்து வந்த கப்பல் மும்பையில் உடைந்தது. நினைவுப்பொருள் வாங்குபவர் எல்லா இடத்திலும் ஒரு துண்டு வரலாற்றையே வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். ஆனால் ஹார்ட்லிபூலில் அவர் அதே தளத்துக்கு மறுபடியும் வந்து, தாழ்ந்த கூரைக்குக் கீழே குனிந்து நடந்து, இருநூறாண்டுத் தேக்கைத் தொட்டுப் பார்க்கலாம். விக்ராந்தைப் பொறுத்தவரை எஞ்சியிருப்பது அந்தத் துண்டு மட்டுமே.