கடைசி இடத்தில் வந்து கிண்ணம் எடுத்தவர்கள்

2025 நவம்பர் 22, சனிக்கிழமை. கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரத்தில் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை உதைபந்தாட்ட லீக்கின் இறுதிப்போட்டி. எங்களுக்கு அது ஞாயிறு காலை. 80ஆவது நிமிடம் வரைக்கும் கோல் இல்லை. பிறகு ரோஸ் லவெல் அடித்த ஒரே ஒரு கோலோடு கோத்தம் எஃப்.சி., வொஷிங்டன் ஸ்பிரிட் அணியை 1-0 என்று வென்றது. நியூ ஜேர்சியைத் தளமாகக் கொண்ட இந்தக் கோத்தம், 14 அணிகள் ஆடிய அந்தப் பருவத்தில் எட்டாவதாக வந்த அணி. பிளேஓஃப் சுற்றுக்கு எட்டு அணிகளைத்தான் எடுப்பார்கள். அதாவது, கடைசிக் கதிரையில் வந்து இருந்தவர்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதை ஒரு அதிசயம் எண்டு சொல்லி முடிக்கலாம். ஆனா அதிசயம் ஒருக்காத்தான் நடக்கும். இந்தக் கழகத்துக்கு இது மூன்றாவது தரம். 2009இல் பிளேஓஃபுக்கு நான்கு இடங்கள், இவர்கள் நான்காவது. 2023இல் ஆறு இடங்கள், இவர்கள் ஆறாவது. 2025இல் எட்டு இடங்கள், இவர்கள் எட்டாவது. மூன்று முறையும் கிண்ணம் இவர்களுக்குத்தான். இந்த மூன்று கிண்ணங்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தால், கிடைப்பது ஒரு கழகத்தின் கதை மட்டுமல்ல. பெண்கள் காசுக்கு உதைபந்து விளையாடலாமா, அதை ஒரு தொழிலாக வைத்துச் சீவிக்கலாமா என்ற கேள்வியின் கால் நூற்றாண்டு வரலாறு அது.

முதலில் பிளேஓஃப் என்றால் என்ன என்பதைச் சொல்லவேணும். ஐரோப்பிய லீக்குகளைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, பருவம் முடியேக்க புள்ளிப் பட்டியலில் மேலே நிற்கிற அணிதான் சம்பியன். அமெரிக்காவில் அப்படியில்லை. பட்டியலில் முதல் சில இடங்களில் வருபவர்கள் ஒரு சிறிய வெளியேற்றச் சுற்றில் ஆடுவார்கள். தோற்றால் வீட்டுக்கு. அதனால் பருவத்தின் கடைசி வாரங்களில் முதலிடத்துக்கான போட்டியைவிட, கடைசித் தகுதி இடத்துக்கான அடிபாடு சூடாக இருக்கும். ஒரு புள்ளி, ஒரு கோல் வித்தியாசம், வேறு எங்கேயோ நடக்கிற இன்னொரு ஆட்டத்தின் முடிவு எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

இனி ஆரம்பத்துக்குப் போவோம். 1999 ஜூலை 10, கலிபோர்னியாவின் ரோஸ் போல் மைதானம். பெண்கள் உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் அமெரிக்கா சீனாவைப் பெனால்டியில் வென்றபோது அங்கே இருந்தவர்கள் 90,185 பேர். அந்த அலையில் பிறந்ததுதான் டபிள்யூ.யூ.எஸ்.ஏ. என்ற முதல் தொழில்முறை லீக். 2001 ஏப்ரல் 14 அன்று வொஷிங்டனில் நடந்த முதலாவது ஆட்டத்துக்கு 34,148 பேர் வந்தார்கள். எட்டு அணிகள், பெரிய பெரிய முதலீட்டாளர்கள். ஆனால் பல ஆண்டுகளுக்கென்று வைத்திருந்த காசு முதல் பருவத்திலேயே கரைந்தது. மூன்று பருவங்களில் ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் நட்டம். 2003 செப்டெம்பர் 15 அன்று லீக்கை மூடினார்கள். அடுத்த பெண்கள் உலகக் கிண்ணம் அதே அமெரிக்காவில் தொடங்க அப்போது ஐந்து நாட்கள்தான் இருந்தன.

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2009இல், இரண்டாவது முயற்சி: டபிள்யூ.பி.எஸ். ஏழு அணிகள். அதில் ஒன்றுதான் நியூ ஜேர்சியின் ஸ்கை புளூ எஃப்.சி. இன்றைய கோத்தம் அணியின் பழைய பெயர் அது.

அந்தப் பருவத்தில் எல்லோரும் பார்த்த அணி லொஸ் ஏஞ்சல்ஸ் சோல். பிரேசிலின் மார்த்தா அங்கே ஆடினார். லீக்கில் அதிக கோல் அடித்தவரும் அவர்தான், 10 கோல். சோல் பட்டியலில் முதலிடம். ஸ்கை புளூவோ பெரிய குழப்பத்தில் இருந்தது. பருவம் முடியுமுன்னே தலைமைப் பயிற்றுநர் நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்தவரும் விலகினார். கடைசியில் அணித்தலைவி கிறிஸ்டி ரம்போனிடமே பயிற்றுநர் பொறுப்பையும் கொடுத்தார்கள். அவருக்கு அப்போது 34 வயது. பின்வரிசையில் நின்று ஆடவும் வேணும், யாரை இறக்கிறது யாரை எடுக்கிறது எண்டு முடிவெடுக்கவும் வேணும்.

அந்த ஆண்டின் பிளேஓஃப் ஒரு ஏணி மாதிரி. நான்காவது அணி மூன்றாவதன் மைதானத்துக்குப் போகவேண்டும். வென்றால் இரண்டாவதன் மைதானம். அதையும் வென்றால் முதலாவதன் மைதானத்தில் இறுதிப்போட்டி. முதலிடத்தில் வந்த சோல் வீட்டில் இருந்தபடியே காத்திருக்கலாம். ஸ்கை புளூ ஓகஸ்ட் 15 அன்று மேரிலாந்தில் வொஷிங்டன் ஃபிரீடம் அணியை 2-1 என்று வென்றது. 19ஆம் திகதி சென் லூயிஸ் அணியை அதன் மைதானத்திலேயே 1-0. 22ஆம் திகதி நாட்டின் மற்றக் கரையில், லொஸ் ஏஞ்சல்ஸில், சோலை 1-0. கோல் ஹீதர் ஓ'ரைலி. எட்டு நாளில் மூன்று ஆட்டம், மூன்றும் மற்றவர்களின் மைதானத்தில். ரம்போன் அப்போது கர்ப்பமாக இருந்தார் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே தெரிய வந்தது.

நல்ல கதைதான். ஆனால் அடுத்த ஆண்டைப் பாருங்கள். 2010 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் சோல் மூடப்பட்டது. மேயில், பருவத்தின் நடுவில், சென் லூயிஸ் மூடப்பட்டது. மார்த்தா எஃப்.சி. கோல்ட் பிரைட் என்ற அணிக்குப் போய் 19 கோல் அடித்தார், அந்த அணி 2010 சம்பியனானது. கிண்ணம் எடுத்து இரண்டு மாதத்துக்குள் அந்த அணியும் மூடப்பட்டது. 2011இல் அவர் வெஸ்டர்ன் நியூயோர்க் ஃபிளாஷ் அணியில் ஆடினார், அந்த அணியும் சம்பியன். பிறகு ஒரு அணி உரிமையாளருடனான வழக்கில் லீக்கே மாட்டுப்பட்டு, 2012 பருவத்தைக் கைவிட்டு, அதே ஆண்டு மேயில் மொத்தமாக மூடுவிழா.

2009 பட்டியலில் முதலிடம் வந்த சோலுக்கு 2010இல் கடைசி இடம்கூடக் கிடைக்கவில்லை. உலகின் மிகச் சிறந்த வீராங்கனை ஆடிய அணிகள், வென்ற அணிகள்தான் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. அப்போ புள்ளிப் பட்டியல் எதை அளக்கிறது? யார் நன்றாக ஆடினார்கள் என்பதை அளக்கிறது. அடுத்த வருசம் யார் இருப்பார்கள் என்பதை அது அளக்கவில்லை. அது உரிமையாளரின் கணக்குப் புத்தகத்தில் நடக்கிற வேறொரு போட்டி. அந்தப் போட்டியில் வீராங்கனைகளுக்குப் பந்தைத் தொடவே வாய்ப்பில்லை.

“சனம் பார்க்க வராதபடியால்தான் மூடினார்கள்” என்று சொல்வது வழக்கம். 90,185ம் 34,148ம் அந்தக் கதைக்கு முழுக்கப் பொருந்தவில்லை. முதல் நாள் வந்த கூட்டம் பிறகு குறைந்தது உண்மை. ஆனால் இருக்குமோ இல்லையோ என்று தெரியாத அணிக்கு யார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருசா வருசம் போவார்கள்? ரசிகர் கூட்டம் ஒரு பருவத்தில் உருவாகிற விசயமில்லை.

2013இல் மூன்றாவது லீக், என்.டபிள்யூ.எஸ்.எல்., எட்டு அணிகளோடு தொடங்கியது. பழைய நட்டங்களைப் பார்த்துப் பயந்து, சிக்கனமே கொள்கையாக இருந்தது. தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தை அமெரிக்க, கனடிய, மெக்சிக்கோ சம்மேளனங்கள் கொடுத்தன. மற்றவர்களுக்கு? குறைந்தபட்சச் சம்பளம் ஒரு பருவத்துக்கு 6,000 டொலர். அமெரிக்காவில் அது வாடகைக்குக்கூடக் காணாது. லீக் தப்பியது உண்மைதான். ஆனால் அந்தத் தப்புதலுக்கான விலையை வீராங்கனைகள்தான் கட்டினார்கள் என்பதும் உண்மை.

அதை மிக மோசமாக அனுபவித்த இடங்களில் ஒன்று இதே ஸ்கை புளூ. 2018இல் 24 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் கடைசி ஆட்டத்தில். அந்த ஆண்டுதான் பயிற்சித் திடலில் குளிக்க வசதி இல்லை, தங்குமிடம் மோசம் என்ற செய்திகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டுத் தெரிவில் இந்தக் கழகம் எடுத்த இரண்டு இளம் வீராங்கனைகள் இங்கே கையொப்பமிடவே மறுத்தார்கள்.

2021இல் கழகம் கோத்தம் எஃப்.சி. என்று பெயர் மாற்றியது. அதே ஆண்டு லீக்கையே உலுக்கிய விடயம் வெளியே வந்தது. சினேட் ஃபரெலி, மனா ஷிம் என்ற இரண்டு முன்னாள் வீராங்கனைகள், தங்கள் பயிற்றுநர் ஒருவர் மீது பாலியல் வற்புறுத்தல் குற்றச்சாட்டுகளைப் பகிரங்கமாக முன்வைத்தார்கள். அவர் மறுத்தார். 2023 ஜனவரியில் லீக் அவரை நிரந்தரமாகத் தடைசெய்தது. 2021 ஒக்டோபர் 6 அன்று நடந்த ஆட்டங்களில், ஆறாவது நிமிடத்தில் வீராங்கனைகள் பந்தை விட்டுவிட்டு, நடு வட்டத்தில் கைகோத்து நின்றார்கள். புள்ளிப் பட்டியலில் அந்த நிமிடத்துக்கு இடமில்லை. ஆனா என்னைக் கேட்டா, இந்த லீக்கின் முக்கியமான நிமிடம் அதுதான்.

ஏனென்றால் அதன் பின் வந்தது வெறும் அனுதாபம் இல்லை, ஒப்பந்தம். 2022 ஜனவரி முடிவில் வீராங்கனைகள் சங்கம் லீக்கோடு முதலாவது கூட்டு ஒப்பந்தத்தைச் செய்தது. குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டொலர் ஆனது. 2024இல் செய்த அடுத்த ஒப்பந்தம் அதை 2025க்கு 48,500 ஆகவும், 2030க்கு 82,500 ஆகவும் உயர்த்தியது. எந்தக் கழகம் உன்னை எடுக்குதோ அங்கேதான் நீ ஆடவேணும் என்ற தெரிவு முறையையும் இல்லாமல் செய்தது. 2019இல் கையொப்பமிட மறுத்த பிள்ளைகள் தனித்தனியாகச் செய்ததை, இப்போது எல்லோருக்குமான உரிமையாக எழுதி வைத்தார்கள்.

இந்தப் பின்னணியோடு 2023ஐப் பார்க்கவேணும். 2022இல் கோத்தம் 12 அணிகளில் 12ஆவது. அடுத்த பருவத்துக்கு ஜுவான் கார்லோஸ் அமொரோஸ் என்ற ஸ்பானியப் பயிற்றுநர் வந்தார். பருவத்தின் கடைசி நாளான ஒக்டோபர் 15இல் எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடந்தன. கோத்தம் 31 புள்ளிகளோடு ஆறாவது இடத்தைப் பிடித்தது. அதே 31 புள்ளிகள் எடுத்த ஒர்லாண்டோ பிரைட், கோல் வித்தியாசத்தில் வெளியே நின்றது. பிறகு கோத்தம் நோர்த் கரோலைனாவில் வென்றது, போர்ட்லண்டில் மேலதிக நேரத்தில் வென்றது. நவம்பர் 11இல் சான் டியாகோவில் இறுதிப்போட்டி, 2-1. கடைசி நிமிடங்களில் கோல்காப்பாளருக்குச் சிவப்பு அட்டை. நடுக்கள வீராங்கனை ஒருவர் கையுறையைப் போட்டுக்கொண்டு கோல் வாசலில் நின்றார்.

அந்தச் சம்பியன் அணியில் சினேட் ஃபரெலியும் இருந்தார். பல ஆண்டுகள் ஆட்டத்தை விட்டிருந்தவர், 2023இல் திரும்பி வந்து கோத்தத்தில் சேர்ந்திருந்தார்.

மார்த்தாவின் கதையும் இங்கே வந்துதான் முடிச்சுப் போடுகிறது. 2023இல் கோல் வித்தியாசத்தில் வெளியே நின்ற ஒர்லாண்டோவின் அணித்தலைவி அவர்தான். அடுத்த ஆண்டு ஒர்லாண்டோ பட்டியலில் முதலிடம் பிடித்து, இறுதிப்போட்டியிலும் வென்றது. அது கன்சாஸ் சிற்றியில், பெண்கள் தொழில்முறை அணி ஒன்றுக்கென்றே கட்டிய மைதானத்தில் நடந்தது. 38 வயதில் மார்த்தா கிண்ணம் எடுத்தார். 2010இல் போலில்லாமல், இந்த முறை அவருடைய அணி அடுத்த பருவத்துக்கும் இருந்தது. 2025 அரையிறுதியில் கோத்தத்திடம் தோற்றதும் அதே ஒர்லாண்டோதான். தோற்பதற்கும் ஒரு அணி மிஞ்சி இருக்கவேணும்.

அதே 2025 பிளேஓஃபில் கோத்தம் முதலில் வென்றது கன்சாஸ் சிற்றியை. 65 புள்ளிகள் எடுத்து லீக் சாதனை படைத்த அணி அது. மேலதிக நேரத்தில் 2-1. அந்த வெற்றிக் கோலை அடித்த கேட்டி ஸ்டெங்கல்தான் 2023இல் போர்ட்லண்டிலும் மேலதிக நேரத்தில் கோல் அடித்தவர். இப்பிடியெல்லாம் நடக்கும், தொடர்ச்சி இருந்தால்.

நான்கு, ஆறு, எட்டு. இந்தக் கழகம் வந்த இடங்களைத் தனியாகப் பார்த்தால் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. ஆனால் கடைசி இடம் நான்கிலிருந்து எட்டுக்கு நகர்ந்ததே லீக் வளர்ந்ததால்தான். ஏழு அணிகள் 12 ஆகி, பிறகு 14 ஆகின. வென்ற பெண்களுக்கு அடுத்த வருசம் வேலை இருக்குமா என்று தெரியாத காலம் போய், தோற்ற பெண்களும் அடுத்த பருவத்துக்குத் திட்டம் போடுகிற காலம் வந்திருக்கிறது. அதை வாங்கித் தந்தது கிண்ணம் இல்லை. நடு வட்டத்தில் நின்ற பெண்களும் அவர்கள் கையெழுத்திட்ட காகிதங்களும்தான்.

அடுத்த பருவக் கடைசியில் பட்டியலைப் பார்க்கேக்க, “இது என்ன, எட்டாவது இடத்துக்குப் போய் இப்பிடி அடிபடுறாங்கள்” எண்டு சிரிக்காதேங்கோ. அந்த இடம் வருசா வருசம் இருக்கவேணும் எண்டதுக்காக அடிபட்டவர்களும் இருக்கினம்.