பால்மரத்திலிருந்து பந்தயத் திடல் வரை

பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறித்ததும் தோட்டத்து வீடுகளில் எழுகின்ற முதல் கேள்வி, "சப்பாத்துக்கு என்ன செய்வது?" என்பதுதான். நல்ல சப்பாத்து இல்லையே என்று வெட்கப்பட்டு, போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் ஒதுங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. பிள்ளையின் முகம் வாடக்கூடாது என்று கடன்பட்டுப் பெயர் பெற்ற கம்பெனிச் சப்பாத்தை வாங்கிவரும் பெற்றோரும் உண்டு. இந்த இரண்டும் தேவையில்லை என்பதை ஓடும் காலணியின் சரித்திரமே நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அந்தச் சரித்திரத்தில் நம்ம தோட்டத்து மக்களின் உழைப்புக்கும் ஓர் இடம் இருப்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

ரப்பர் காலுக்கு வந்த கதை

முற்காலத்தில் மனிதன் வெறுங்காலோடு ஓடினான். பிறகு தோல் செருப்போடு ஓடினான். தோல் மழையில் நனைந்தால் கனக்கும், காய்ந்தால் விறைக்கும். ரப்பரும் முதலில் உதவவில்லை. பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் வெடிக்கும். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால் அது உறுதியாகி, இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்று கண்டார். 1844-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதன் பிறகுதான் துணியால் மேற்பாகமும் ரப்பரால் அடிப்பாகமும் கொண்ட இலேசான சப்பாத்து பிறந்தது. இங்கிலாந்தில் இதற்குப் 'பிலிம்சோல்' என்று பெயர். கப்பலில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று காட்டும் கோட்டுக்கும் அதே பெயர்தான். துணியும் ரப்பரும் சேரும் இடத்தில் ஓடும் கோடு அதைப்போல இருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

ரப்பருக்குத் தேவை பெருகியது. 1876-இல் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு வந்தன. 1888-இல் அந்தப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரம் சாகாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் ரப்பரைத் தோட்டப் பயிராகப் பயிரிட்டார். மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டபோது மலாயாக் காடுகள் தோட்டங்களாயின. கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் மரமாக ஏறி இறங்கிப் பால் வெட்டினார்கள்.

உலகத்துக்கே ரப்பர் கொடுத்த அந்தக் கால்களில் பெரும்பாலும் சப்பாத்து இல்லை. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்ததால் கொக்கிப்புழு காலின் தோல் வழியே உடம்புக்குள் புகுந்து இரத்தத்தைக் குறைத்தது. அந்நாளில் தோட்டங்களை வாட்டிய நோய்களில் இதுவும் ஒன்று. காலுக்குக் காப்பு என்பது ஆடம்பரமல்ல. ஆரோக்கியத்தைச் சேர்ந்த விஷயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தரை மாறியது, சப்பாத்தும் மாறியது

பந்தயச் சப்பாத்தின் வளர்ச்சியைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். எப்போதெல்லாம் ஓடும் தரை மாறியதோ, அப்போதெல்லாம் சப்பாத்தும் மாறியிருக்கிறது.

அக்காலத்து ஓடுதளம் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டி உருட்டியது. வேகமாக ஓடினால் கால் வழுக்கும். ஆகவே அடியில் ஆணி வைத்த சப்பாத்து தேவைப்பட்டது. இங்கிலாந்தின் போல்டன் நகரில் ஜோசப் வில்லியம் ஃபாஸ்டர் 1890-களில் அத்தகைய சப்பாத்துகளைச் செய்து விற்றார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் 4 தங்கப் பதக்கம் வென்ற அமெரிக்க வீரர் ஜெசி ஓவன்ஸ் அணிந்ததும் நீண்ட ஆணி வைத்த தோல் சப்பாத்துதான். அதைச் செய்தவர்கள் ஜெர்மனியின் டாஸ்லர் சகோதரர்கள். பின்னாளில் அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வந்து பிரிந்தார்கள். ஒருவர் தொடங்கிய கம்பெனி பூமா, மற்றவருடையது அடிடாஸ்.

1960-இல் ரோம் நகரில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் முதலாவதாக வந்தார். கிடைத்த சப்பாத்து காலைக் கடித்ததால் பழகிய வெறுங்காலோடு ஓடினார் என்று சொல்லுவாங்க. 1964-இல் தோக்கியோவில் அதே பிகிலா சப்பாத்து அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் மறுபடியும் தங்கம் வென்றார். முதல் ஓட்டத்தைப் பார்த்து 'சப்பாத்தே வேண்டாம்' என்பதும் தவறு. இரண்டாவதைப் பார்த்து 'சப்பாத்துதான் வெற்றி தந்தது' என்பதும் தவறு. காலைக் கடிக்கும் சப்பாத்தைவிடப் பழகிய வெறுங்கால் மேல். காலுக்குப் பொருந்தும் சப்பாத்து அதனினும் மேல். இவ்வளவுதான் அதில் உள்ள பாடம்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கை ஓடுதளம் போடப்பட்டது. மழை பெய்தாலும் சேறாகாது. அந்தத் தளத்தில்தான் நம் நாட்டின் டாக்டர் மணி ஜெகதீசன் 200 மீட்டர் அரையிறுதி வரை சென்று, 20.92 வினாடி என்ற தேசியச் சாதனையைப் படைத்தார். அதை முறியடிக்க 2017 வரை, அதாவது 49 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் 3 தங்கம் வென்றார். அதே போட்டியில் எம். இராஜமணி பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றார். இன்று கிடைக்கும் மெத்தைச் சப்பாத்துகள் எதுவும் அன்று கிடையாது.

செயற்கைத் தளத்தில் நீண்ட ஆணி பயன்படாது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பில் போவர்மேன், ஆணி இல்லாமலே பிடிமானம் தரும் அடிப்பாகத்தைத் தேடினார். 1970-களின் தொடக்கத்தில், கட்டம் கட்டமாகப் பலகாரம் சுடும் தம் வீட்டு இரும்பு அச்சிலேயே செயற்கை ரப்பர் கலவையை ஊற்றிப் பார்த்தார். அச்சு பாழானது, ஆனால் வழி பிறந்தது. இன்று பல சப்பாத்துகளின் அடியில் நாம் காணும் சதுரக் குமிழ்கள் அந்த வழியில் வந்தவை.

உள்ளே இருக்கும் மெத்தைக்கும் ஒரு கதை உண்டு. 1942-இல் மலாயாவை ஜப்பானியர் பிடித்துக்கொண்டதும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வருவது நின்றது. பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யும் தொழில் அங்கே அவசரமாக வளர்ந்தது. இப்போது சப்பாத்தின் நடுப்பாகம் பெரும்பாலும் இலேசான செயற்கை நுரை. தரையைத் தொடும் அடிப்பாகம் இயற்கை ரப்பரோ, செயற்கை ரப்பரோ, இரண்டும் கலந்ததோ ஆகும்.

நம்ம கித்தா சப்பாத்து

பால் வெட்டுக்காரர்கள் போடும் கறுப்புக் கித்தா சப்பாத்தை அறியாத தோட்டத்துப் பிள்ளை இருக்க முடியாது. வேடிக்கையாக அதை 'அடிடாஸ் கம்போங்' என்று அழைக்கிறார்கள். முழுக்க ரப்பரில் ஒரே அச்சாக வார்த்தது. அடியில் பந்தாட்டச் சப்பாத்து போலக் குமிழ்கள் இருக்கும். சேற்றிலும் வழுக்குப் பாறையிலும் நன்றாகப் பிடிக்கும். கழுவினால் உடனே காய்ந்துவிடும். விலையும் மலிவு. மலை ஏறுகிறவர்களும் காட்டுப் பாதையில் ஓடுகிறவர்களும் இன்று இதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் இதே சப்பாத்தைப் போட்டுத் தார்ச்சாலையில் நீண்ட தூரம் ஓடினால் பாதம் வலிக்கும். மெத்தை கிடையாது, காற்றும் புகாது. ஒரே சப்பாத்து ஓரிடத்தில் முதல்தரம், இன்னோரிடத்தில் கடைசித்தரம். இதிலிருந்து தெரிவது என்ன? சப்பாத்துக்கு மதிப்பெண் போடுவது தரைதான்.

எந்தத் தரைக்கு எது?

பள்ளித் திடல் புல் தரை. உலர்ந்திருந்தால் பள்ளிக்குப் போடும் சாதாரணத் துணிச் சப்பாத்தே தொடக்கப் பள்ளி மாணவர்களின் ஓட்டத்துக்குப் போதும். அடிப்பாகம் தேய்ந்து வழவழப்பாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஈரப் புல்லில் குமிழ் உள்ள சப்பாத்து நல்லது.

குறுக்கோட்டம் செம்மண் பாதையிலும் செம்பனை மரங்களுக்கு இடையிலும் நடக்கும். அங்கே கல், வேர், செம்பனை முள் எல்லாம் கிடக்கும். வெறுங்கால் கூடவே கூடாது. அடிப்பாகம் தடித்ததாகவும் குமிழ் உள்ளதாகவும் இருக்க வேண்டும். உயரமான மெத்தை வேண்டாம். மேடு பள்ளத்தில் கணுக்கால் பிசகிவிடும்.

தார்ச்சாலையும் சிமெண்டும் இறுகிய தரை. அதில் வாரந்தோறும் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு மெத்தை வேண்டும்; குமிழ் தேவையில்லை.

மாவட்டப் போட்டி செயற்கைத் தளத்தில் நடந்தாலும், சிறு பிள்ளைகளுக்கு ஆணிச் சப்பாத்து கட்டாயமல்ல. பெரிய மாணவர்கள் வாங்கினால் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற விதியையும் நினைவில் வைக்க வேண்டும்.

பார்த்து வாங்கும் முறை

அந்தக் காலத்தில் ஈர்க்குச்சியால் பிள்ளையின் கால் நீளத்தை அளந்து, அதை எடுத்துக்கொண்டு அப்பா பட்டணத்துக்குப் போவார். நீளம் சரியாக இருக்கும். அகலம் காலைக் கடிக்கும். செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று நம்ம பெரியவங்க சும்மா கேட்கவில்லை. ஆகவே முடிந்தவரை பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நாள் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். அதனால் மாலையில் வாங்குவது நல்லது. போட்டியில் அணியும் காலுறையையே போட்டுக்கொள்ளணும். இரண்டு காலிலும் போட்டு நிற்கச் சொல்லுங்கள். நீண்ட விரலுக்கும் சப்பாத்தின் நுனிக்கும் இடையே ஒரு கட்டை விரல் அகலம் இருக்க வேண்டும். குதிகால் கழன்று வரக்கூடாது. சப்பாத்து விரல் மடங்கும் இடத்தில் மடங்கணும். நடுவில் மடங்கினால் வேண்டாம். கடைக்குள்ளேயே பத்து எட்டு ஓடச் சொல்லுங்கள். "போட்டுப் பழகினால் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது நம்மிடையே உள்ள வழக்கம். பெரிய சப்பாத்துக்குள் கால் வழுக்கிக் கொப்புளம் வரும், தடுக்கியும் விழலாம். வளரும் பிள்ளைக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நுனியை அழுத்திப் பார்த்தாலே போதும்.

விலை பேசும் பேச்சு

பாதத்தின் வளைவைப் பார்த்து, 'உனக்கு இந்த வகைதான்' என்று பிரித்துக் கொடுக்கும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. அமெரிக்க இராணுவப் பயிற்சியில் சேர்ந்தவர்களிடம் 2009, 2010 ஆண்டுகளில் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாத வடிவம் பார்த்துச் சப்பாத்து. மறு பிரிவினருக்கு எல்லாருக்கும் ஒரே வகை. காயம் அடைந்தோர் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. 2015-இல் கனடாவின் பென்னோ நிக் என்ற பேராசிரியரும் அவரோடு பணியாற்றியவர்களும், ஓடுகிறவர் தமக்குச் சுகமாக இருக்கும் சப்பாத்தைத் தேர்ந்தெடுப்பதே காயத்தைக் குறைக்கும் வழியாக இருக்கலாம் என்று எழுதினார்கள். ஆராய்ச்சி சுற்றிச் சுற்றி வந்து நிற்குமிடம், போடுகிறவரின் கால்தான்.

2017 முதல் கரிமத் தகடு வைத்த விலையுயர்ந்த சப்பாத்துகள் உலக வீரர்களின் நேரத்தைக் குறைத்திருப்பது மெய்தான். அதனால்தான் 2020-இல் சாலை ஓட்டச் சப்பாத்தின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று உலகத் தடகளச் சம்மேளனம் விதி வகுத்தது. அது மாரத்தான் வீரர்களின் வினாடிக் கணக்கு. 100 மீட்டர் ஓடும் நான்காம் ஆண்டு மாணவனுக்கு அதில் வேலை இல்லை.

பெற்றோர்களே! பிள்ளை "எனக்கு இது சுகமா இருக்கு" என்று சொல்லும் சப்பாத்தை வாங்குங்கள். அதில் எந்தக் கம்பெனியின் முத்திரை இருந்தால் என்ன? மிச்சமாகும் வெள்ளியில் ஒரு நல்ல புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே! பக்கத்து ஓடுபாதையில் நிற்பவன் காலைப் பார்த்துத் தலை குனியாதீர்கள். அவன் சப்பாத்தின் அடியில் ரப்பர் இருந்தால், அந்த ரப்பரை உலகுக்குக் கொடுத்தவர்களில் உங்கள் தாத்தா பாட்டியும் உண்டு. தரையைப் பாருங்கள், காலைக் கேளுங்கள், பெயரைக் கொடுங்கள், ஓடுங்கள்!