மேல்தாடைச் சீரமைப்பில் எலும்பு ஒட்டின் தேய்வு

மேல்தாடையில் பொருத்தப்படும் எலும்பு ஒட்டு, பொருத்திய அளவிலேயே நிலைப்பதில்லை. இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டை ரத்தக்குழாய் இணைப்பின்றி வைக்கும்போது, அதிலுள்ள பெரும்பாலான செல்கள் சில நாள்களுக்குள் மடிந்துவிடுகின்றன. பிறகு சுற்றியுள்ள திசுவிலிருந்து நுண்குழாய்கள் அதற்குள் நுழைகின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பை அரிக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்த இடத்தில் புதிய எலும்பைப் படியவைக்கின்றன. இந்த மெதுவான மாற்றீட்டை அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபெமிஸ்டர் 1914இலேயே விளக்கியிருந்தார். படிவதைவிட அரிப்பு முந்தினால் ஒட்டு சுருங்குகிறது.

மேல்தாடையில் அரிப்பு முந்துவதற்கு அதன் அமைப்பே இடம் தருகிறது. எலும்பு மெல்லியது. ஒருபுறம் வாய், மறுபுறம் மூக்கும் சைனஸ் அறையும். தையல் சற்றே பிரிந்தாலும் உமிழ்நீரும் கிருமிகளும் ஒட்டைத் தொடும். பல்லிழந்து மெலிந்த மேல்தாடையில் வைத்த இடுப்பெலும்பு ஒட்டுகளை சி.டி. ஸ்கேனால் அளந்து 2001இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், ஏறத்தாழ ஆறு மாதத்திலேயே கன அளவில் பாதியளவு குறைந்திருந்தது. சைனஸுக்குள் வைத்தவை, தாடைமேல் வைத்தவை இரண்டிலும் இழப்பு கிட்டத்தட்ட ஒன்றே.

மண்டையோட்டு எலும்பு இடுப்பெலும்பைவிட நிலைப்பதற்குக் கருவில் அது உருவாகும் விதமே காரணம் என்று 1980களில் கருதப்பட்டது. ஓசாகியும் புக்மனும் 1998இல் வெளியிட்ட ஆய்வு அதை மறுத்தது. அடர்ந்த புறவெலும்பு மெதுவாகக் கரைகிறது, பஞ்சு போன்ற உள்ளெலும்பு விரைவாகக் கரைகிறது. எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பது அடுத்த கேள்விதான். இவ்விரு விளக்கங்களில் பின்னதே வலுவானது.

ஆனால் எலும்பின் வகையை மட்டும் பார்ப்பது போதாது என்பதை உதடு, அண்ணப் பிளவுடன் பிறந்த குழந்தைகளின் சிகிச்சை தெளிவாகக் காட்டுகிறது. பல்வரிசையிலுள்ள பிளவை இடுப்பின் உள்ளெலும்பால் நிரப்பும் முறையை பாய்னும் சாண்ட்ஸும் 1972இல் எழுதினர். இங்கே பயன்படுவது விரைவில் கரையும் எலும்புதான். இருந்தும் கோரைப்பல் முளைக்கும் முன், பொதுவாக 9 முதல் 11 வயதுக்குள் வைத்தால், அந்தப் பல் ஒட்டின் ஊடாகவே இறங்கிவந்து அதைத் தாங்கி நிறுத்துகிறது. பக்க வெட்டுப்பல் பிறவியிலேயே இல்லாமல், அந்த இடைவெளிக்குள் வேறு பல்லும் வராமல் போனால், இழப்பு மிகக் கடுமையாகிறது. பதினைந்து, இருபது வயதில் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு இந்த வாய்ப்பு கைநழுவிவிடுகிறது. ஆகவே கிராமத்து ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் பள்ளி மருத்துவ முகாமிலும் அந்த வயதுப் பிள்ளையை அடையாளம் காண்பது அறுவை நுட்பத்துக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது.

இழப்பை அளப்பதிலும் ஒரு குறை உண்டு. ஆஸ்லோவின் பெர்க்லண்ட் குழு 1986இல் வகுத்த அளவுகோல் தட்டையான எக்ஸ்-ரே படத்தில் எலும்பின் உயரத்தைப் பார்க்கிறது. உதட்டுப் பக்கத்திலிருந்து அண்ணப் பக்கம் வரையுள்ள தடிப்பு அதில் தெரியாது. வெற்றி என்று குறிக்கப்பட்ட ஒட்டு, முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சி.டி.யில் மெல்லிய தகடாக நிற்கக்கூடும்.

கொரோனா இரண்டாம் அலையின்போது ஒட்டு நிலைக்காத சிக்கல் வேறு உருவில் வந்தது. 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு கருப்புப் பூஞ்சையைக் கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. பூஞ்சை ரத்தக்குழாய்களை அடைத்து எலும்பை அழுகச் செய்ததால், பலருக்கு மேல்தாடையையே அகற்ற நேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். இத்தகைய பெரிய குறையில் குழாய் இணைப்பற்ற ஒட்டு நிலைக்காது. காலின் ஃபிபுலா எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, கழுத்துக் குழாயோடு நுண்தையலிட்டு இணைக்கும் முறையே பொருத்தமானது. டெய்லர் 1975இல் காலுக்கும், ஹிடால்கோ 1989இல் கீழ்த்தாடைக்கும் விவரித்த இம்முறை பின்னர் மேல்தாடைக்கும் வந்தது. செல்கள் உயிரோடு இருப்பதால் தேய்வு குறைவு. கழுத்து வரை குழாயின் நீளம் எட்டுவதுதான் இங்கே கடினம். எலும்பு ஒட்டே இல்லாமல் கன்ன எலும்பில் ஊன்றிப் பல்லைத் தாங்கும் நீண்ட இம்பிளான்ட் திருகு மாற்று வழி. கன்ன எலும்பும் நோயுற்றிருந்தால் அதற்கு இடமில்லை.

எந்த முறையானாலும், மெல்லும் விசை எலும்புக்குள் போய்ச் சேராவிட்டால் ஒட்டு மெலிகிறது. ஈறின்மேல் அழுத்தும் கழற்றுப் பல்செட் அதை மேலும் அரிக்கிறது. இம்பிளான்ட் வழியாகச் செல்லும் அளவான விசை அதைக் காக்க உதவுகிறது. எனவே பல் பொருத்துவதை அழகுக்கான கூடுதல் வேலையாகக் கருதுவது தவறு. அதுவும் சீரமைப்பின் பகுதியே.

எடுத்துக்காட்டாக, புதுச்சேரியில் அறுவைக்கும் பல் பொருத்துவதற்குமான வசதி அருகருகே இருக்கிறது. ஜிப்மரும் அரசின் மகாத்மா காந்தி முதுநிலைப் பல் மருத்துவ அறிவியல் நிறுவனமும் கோரிமேட்டில்தான் உள்ளன. நெல்லித்தோப்பில் வசிப்பவர் டவுன் பஸ்ஸில் வந்துபோகலாம். விழுப்புரம், கடலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி இழப்பு. அறுவை நடக்கும் துறையும் பல் பொருத்தும் துறையும் சேர்ந்து திட்டமிட்டால் அந்த அலைச்சல் குறையும். ஓராண்டு முடிவில் எடுக்கவேண்டிய கோன் பீம் படத்தின் தேதியும் பல் பொருத்தும் மாதமும் அறுவைக்கு முன்பே நோயாளியின் சீட்டில் எழுதப்பட வேண்டும்.