வடக்கன் பாதிரியாரும் மலைநாட்டுக் குடியானவரும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு, சுக்கு மணத்தினூடே சிறிது தூரம் நடந்து சென்றால் கூனன் குரிசுப் பள்ளியைக் காணலாம். மலையாளத்தில் குரிசு என்றால் சிலுவை. பள்ளி என்றால் தேவாலயம். 1653-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் சுரியானிக் கிறிஸ்தவர்கள் மட்டாஞ்சேரியில் திரண்டு, போர்ச்சுகீசியரின் ஆதரவு பெற்ற இயேசு சபைப் பாதிரிமாரின் ஆட்சிக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். சிலுவையைத் தொட எல்லோருக்கும் இடம் போதவில்லையாம். ஆகவே அதில் கயிறுகளைக் கட்டி, அக்கயிறுகளைப் பற்றிக்கொண்டே ஆணையிட்டார்களாம். இழுத்த இழுப்பில் சிலுவையும் கூனிப் போயிற்றாம். சிலுவை கூனிற்றோ இல்லையோ, கொச்சிச் சீமையில் கிறிஸ்தவ சபையும் அரசியலும் அன்று தொட்டே ஒரே கயிற்றைப் பற்றி நிற்கின்றன என்று சொல்லத் தோன்றுகிறது.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே கொச்சிச் சீமையின் வடபகுதியாகிய திருச்சூரிலிருந்து ஒரு பாதிரியார் அரசியலில் இறங்கினார். மேலிடத்திற்குக் கீழ்ப்படிவதா, மனச்சான்றுக்குக் கீழ்ப்படிவதா என்ற பழைய வழக்கு அவர் வாழ்விலும் எழுந்தது. ஜோசப் வடக்கன் என்பது அவர் பெயர். மலையாளிகள் ‘வடக்கனச்சன்’ என்பார்கள். 1919-இல் பிறந்தவர். கம்யூனிஸ்டு ஆட்சியொன்றைக் கவிழ்ப்பதற்கு 1959-இல் முன்னின்றவர்களில் அவர் ஒருவர். 1967-இல் கம்யூனிஸ்டுகள் தலைமையில் ஆட்சியொன்று அமைந்தபோது அதற்குத் தோள் கொடுத்தவர்களிலும் அவர் ஒருவர். இடைப்பட்ட எட்டாண்டுகளில் நடந்தது என்ன என்பதையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு கேரளத்தின் முதலமைச்சரானார். ஆறாம் நாளே, அதாவது ஏப்ரல் 11-இல், குத்தகைதாரரையும் குடிசைவாசிகளையும் நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாதென்று அவசரச் சட்டம் பிறந்தது. நேயர்கள் இந்தத் தேதியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். அவ்வாண்டே கல்வி மசோதாவும் சட்டசபைக்கு வந்தது. தனியார் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் நியமனத்தையும் சம்பளத்தையும் அரசாங்கம் ஒழுங்குபடுத்த முற்பட்டது. பள்ளிக்கூடங்களில் பெரும்பகுதியை நடத்திவந்த கத்தோலிக்க சபையும் நாயர் சங்கமும் கொதித்தெழுந்தன. மன்னத்து பத்மநாபன் தலைமையில் 1959 ஜூன் 12-ஆம் நாள் ‘விமோசன சமரம்’ தொடங்கிற்று; தமிழில் விடுதலைப் போர் எனலாம். மறுநாள் கொச்சிக்கு வடக்கே அங்கமாலியில் போலீசார் சுட்டதில் எழுவர் மாண்டனர். ஜூலை 31-இல் மத்திய அரசு மந்திரிசபையைக் கலைத்தது.

இக்கிளர்ச்சியில் வடக்கன் பாதிரியாரின் பங்கு பெரிது. கம்யூனிஸ்டு எதிர்ப்பு முன்னணியை அவர் முன்னரே அமைத்திருந்தார். அவர் நடத்திய பத்திரிகையின் பெயர் ‘தொழிலாளி’. கம்யூனிஸ்டுகளை எதிர்க்கும் பத்திரிகைக்கு இப்பெயரா என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவருடைய போக்கிற்குத் திறவுகோல் இப்பெயரே என்பது என் கருத்து. ஏழையைக் கம்யூனிஸ்டுகளிடம் விட்டுக்கொடுக்கலாகாது என்பதே அவருடைய எதிர்ப்பின் சாரம். பணக்காரனைக் காப்பது அவர் நோக்கமன்று. எனினும் ஏப்ரல் 11-ஆம் நாள் பிறந்த அந்த அவசரச் சட்டத்தை அவர் உரிய நிறையில் எடைபோட்டதாகத் தெரியவில்லை. குடியானவனின் குடிசை வாயிலில் நின்று பார்க்க வேண்டியதை அப்போது அவர் பள்ளிக்கூட வாயிலில் நின்று பார்த்தார்.

1960 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரசு, பிரஜா சோஷலிஸ்டு, முஸ்லிம் லீக் கூட்டணி வென்றது. பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சரானார். தமிழர்களுக்கு இப்பெயர் மறக்கக்கூடியதன்று. 1954-இல் தென்திருவிதாங்கூர்த் தமிழர் கிளர்ச்சியின்போது மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த காலத்து முதலமைச்சரும் இவரே. தேவிகுளம், பீருமேடு மலைப்பகுதிகளில் மலையாளிகளை அரசாங்கத் திட்டத்தின்கீழ்க் குடியேற்றத் தொடங்கியவரும் இவரே.

அம்மலைப் பகுதியில்தான் நம் கதை திரும்புகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து உணவுப் பஞ்சத்தை ஒட்டி, மத்திய திருவிதாங்கூரின் குறுநிலக்காரர்கள் காட்டைத் திருத்திக் கப்பையும் நெல்லும் பயிரிட மலையேறினார்கள். அவர்களிற் பலர் சுரியானிக் கிறிஸ்தவர்கள். பெரியாற்றங்கரையில் அய்யப்பன்கோவில் என்னுமிடத்தில் அவ்வாறு குடியேறியோரை, இடுக்கி நீர்மின் திட்டத்தின் பொருட்டு, 1961-இல் அரசாங்கம் வெளியேற்றிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குமுளியை அடுத்த அமராவதியில் இறக்கிவிட்டார்கள். குமுளி எங்கே இருக்கிறதென்று கம்பம், கூடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலைமேல் பருவமழை பிடித்துக்கொள்ளும் நாட்கள். தங்குவதற்கு ஒழுங்கான கூரையில்லை.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லிச் செல்கிறேன். குடியேற்றம் என்ற சொல் நம்மிடமும் உண்டு, மலையாளத்திலும் உண்டு. அதற்கு எதிர்ச்சொல்லாக மலையாளி ‘குடியிறக்கு’ என்கிறான். நாம் ‘வெளியேற்றம்’ என்று எழுதி அமைகிறோம். மலையிலிருந்து சட்டிபானையுடன் இறங்கி வந்த அந்தக் காட்சி நம் சொல்லில் இல்லை. கோப்புகளில் இச்சொல் வரும்போதெல்லாம் என் பேனா சற்றே தயங்கும்.

கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் அமராவதிக்கு வந்து 1961 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தார். வடக்கன் பாதிரியாரும் அங்கு வந்து சேர்ந்தார். இரண்டாண்டுகளுக்கு முன் எவரை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினாரோ, அவர்களின் தலைவர் தம் சபை மக்களுக்காகப் பட்டினி கிடப்பதை அவர் கண்டார். அம்மக்களை மலையினின்று இறக்கியதோ, தாம் வருத்தி அழைத்துவந்த ஆட்சி. இதைக் கண்டபின் பழைய மேடையில் நின்று பழைய பேச்சைப் பேசுவது அவரால் ஆகவில்லை. கோபாலனும் பாதிரியாரும் குடியிறக்கை எதிர்த்து ஒரே மேடையில் ஏறியதைக் கேரளம் வியப்புடன் பார்த்தது.

அரசாங்கத்தின் பக்கமும் சிறிது நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கேரளத்துக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. 1976-இல் தொடங்கி வைக்கப்பட்ட இடுக்கி நிலையத்தின் திறன் 780 மெகாவாட். குடியேறியோர் திருத்திய காடும் பல இடங்களில் மலைப் பழங்குடிகள் நடமாடிய காடே. அவர்களுக்காக உண்ணாவிரதம் இருக்க எவரும் அன்று முன்வரவில்லை. ஆனால் மாற்றிடம் செம்மைப்படுத்தாமல் மழைக்காலத்தில் மக்களை இறக்கியதற்கு எந்த அணையும் சமாதானம் ஆகாது. வேற்று மாநிலத்தில் வாடகை வீட்டில் வாழும் நமக்கு, வீட்டைக் காலிசெய் என்ற ஒரு சொல்லே ஓரிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறதே!

பின் வடக்கன் பாதிரியாரின் பின்பலத்தில் கர்ஷகத் தொழிலாளிக் கட்சி தோன்றிற்று. 1967 தேர்தலில் மார்க்சிஸ்டு, வலது கம்யூனிஸ்டு, முஸ்லிம் லீக் உள்ளிட்ட ஏழு கட்சிகளின் முன்னணியில் அதுவும் ஒன்று. முன்னணிக்கு 133 இடங்களில் 117 கிடைத்தன; பாதிரியாரின் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே. ஆயினும் மந்திரிசபையில் அதற்கு இடம் கிட்டிற்று. நாற்காலியில் அமர்ந்தவர் பாதிரியாரல்லர். குடியானவர் இயக்கத்தில் உடனுழைத்த பி. வெல்லிங்டன் சுகாதார அமைச்சரானார்.

அந்த மந்திரிசபை இரண்டரை ஆண்டே நிலைத்தது. அமைச்சர்கள்மீது ஊழல் குற்றச்சாட்டுகள் எழுந்தன, வெல்லிங்டன்மீதும் எழுந்தது. விசாரணை வேண்டுமா வேண்டாமா என்ற பூசலில் முன்னணி பிளந்தது. 1969 அக்டோபர் 24-இல் நம்பூதிரிபாடு பதவி விலகினார். மக்களைத் திரட்டும் ஆற்றல் வடக்கனுக்கு நிறைய இருந்தது. கட்சி நடத்தும் கலை கைவரவில்லை என்றே எண்ணுகிறேன். கம்யூனிஸ்டுகளோடு கொண்ட உறவுக்காகச் சபை மேலிடத்தின் நடவடிக்கைக்கும் அவர் ஆளானார். ஒரு காலத்தில் மாலையிட்டவர்கள் துரோகி என்றார்கள்; புதிய தோழர்களோ அவரை முழுதும் தம்மவராகக் கொள்ளவில்லை. விமோசன சமரத்தில் தாம் கொண்ட பங்கைக் குறித்துப் பிற்காலத்தில் அவர் வருத்தம் தெரிவித்ததுண்டு. 2002 டிசம்பரில் காலமானார்.

தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘என்றெ குதிப்பும் கிதப்பும்’. குதிப்பு நமக்கும் விளங்கும். கிதப்பு என்பது ஓடிக் களைத்தவன் மூச்சு வாங்கி நிற்பது. ‘என் பாய்ச்சலும் இளைப்பும்’ என்று முதலில் எழுதினேன். இளைப்பு என்றால் நோயென்று கொள்வார்களோ என்று ‘மூச்சிரைப்பு’ என்று மாற்றிப் பார்த்தேன். அதிலும் மனம் அமையாமல், மலையாளச் சொல்லையே இங்கு வைத்திருக்கிறேன்.