பெட்டிக்குள்ள ஆர் நிக்கிறது?

போன வருசம் எங்கட பீடத்துச் சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு கேலிச்சித்திரம் கீறினன். விசயம் பகிடிவதை. நாலு சீனியர்மார், நடுவில ஒரு முதலாம் வருசப் பெடியன், கீழே மூண்டு வரி வசனம். ஒட்டி ரண்டு மணித்தியாலத்தில ஆரோ கிழிச்சுப் போட்டினம். அதைவிடக் கவலை, கிழிபட முதல் அதைப் பார்த்த கூட்டாளி சொன்னதுதான்: "மச்சான், இது கார்ட்டூன் இல்லை. படம் போட்ட கட்டுரை."

அவன் சொன்னது சரி. அதுக்குப் பிறகுதான் பழைய ஆக்கள் இதை எப்பிடிச் செய்தவை எண்டு தேடத் தொடங்கினன்.

சிறுகதை எழுதுகிறவருக்கு அடுத்த பக்கம் இருக்கிறது. ஒற்றைப் பெட்டிக்குள் கீறுகிறவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகவே அவர் முதலில் முடிவு செய்யவேண்டியது, பெட்டிக்குள் யாரை நிறுத்துவது, யாரை வெளியில் விடுவது என்பதைத்தான்.

ஆர்.கே. லக்ஷ்மண் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1951இல் 'டைம்ஸ் ஒஃப் இந்தியா'வில் அவருடைய சிறிய பெட்டி தொடங்கியது. முழு இந்தியாவையும் காட்டவேண்டும் என்று ஆரம்பத்தில் வங்காளி, பஞ்சாபி, தமிழர் என்று ஒரு கூட்டத்தையே கீறிப் பார்த்திருக்கிறார். தினமும் அவ்வளவு பேரைக் கீற நேரம் எங்கே? ஒவ்வொருவராகக் குறைத்துக் குறைத்து, கடைசியில் மிஞ்சியது ஒரேயொரு மனிதர். வழுக்கைத் தலை, கட்டம் போட்ட கோட், வேட்டி. அவர்தான் 'சாமானிய மனிதர்'. அமைச்சர் கதைப்பார், அதிகாரி கதைப்பார், இவர் மட்டும் வாயே திறக்கமாட்டார். வாய் திறந்தால் எந்த ஊர், எந்த மொழி, எந்தச் சாதி என்ற கேள்வி வந்துவிடும் அல்லவா? பேசாதபடியால்தான் எல்லாராலும் அவருக்குள் புகுந்து நிற்க முடிந்தது எண்டு நான் நினைக்கிறன்.

ஆளை வெளியில் விடுவதற்கு உதாரணம் அபு ஆபிரகாம். 1975 ஜூனில் இந்தியாவில் அவசரநிலை வந்தது. கூடவே பத்திரிகைத் தணிக்கையும் வந்தது. அந்த வருட டிசம்பரில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் அபுவின் படம் ஒன்று வெளியானது. ஜனாதிபதி குளியல் தொட்டியில் இருந்தபடியே ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார், மிச்சம் இருந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு என்கிறார். பிரதமர் இந்திரா காந்தி படத்தில் இல்லவே இல்லை. ஆனா பார்க்கிற எல்லாருக்கும் கதவுக்கு அங்கால நிக்கிற அதிகாரம் ஆற்றையெண்டு விளங்கும்.

எங்கட நாட்டிலும் இப்படி ஒரு சின்ன மனுசன் இருந்தார், டபிள்யூ. ஆர். விஜேசோமவின் 'புஞ்சி சிங்ஞோ'. பெயரிலேயே அவர் சிங்களக் கிராமத்தவர். அப்ப எங்கட ஆள் எங்க?

அந்த இடத்துக்கு வந்தவர் சுந்தர். 1924இல் கரவெட்டியில் பிறந்த சி. சிவஞானசுந்தரம், படிக்கப் பம்பாய் போய், கேலிச்சித்திரக்காரராகத் திரும்பியவர். 'தினகரன்' பத்திரிகையில் கீறி, 1960களில் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கினார். லக்ஷ்மணுக்கு நேரெதிராக, சுந்தரின் ஆக்கள் கதைத்துத் தள்ளுகிறவர்கள். சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம்தான் வரும். பேச்சுத்தமிழை இலக்கியத்தில் எழுதுவது இழிவா இல்லையா என்று ஈழத்தில் பெரிய சண்டை நடந்த காலம் அது. பண்டிதர்களும் எழுத்தாளர்களும் கட்டுரைகளில் வாதாடினார்கள். சுந்தர் அந்தத் தமிழைப் பெட்டிக்குக் கீழே போட்டுச் சனத்தைச் சிரிக்க வைத்தார். பெரிய தேசத்துக்கு ஊமை மனிதர் பொருந்தினார். தன் குரலைப் பத்திரிகையில் கேட்டுப் பழகாத சின்னச் சமூகத்துக்கோ கதைக்கிற தம்பர்தான் தேவைப்பட்டார்.

இதெல்லாம் வெறும் கலை விளையாட்டு இல்லை. கேலிச்சித்திரங்கள் கீறிய ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று, ஜனாதிபதித் தேர்தலுக்கு ரண்டு நாளுக்கு முன், காணாமலாக்கப்பட்டார். அவரின் மனைவி சந்தியா நீதி கேட்டு வருடக்கணக்காகப் போராடி வருகிறார். அதோட பார்த்தா, என்ர கடதாசி கிழிபட்டது ஒண்டுமே இல்லை. ஆனாலும் கோடு பயமுறுத்துகிற ஆக்கள் எல்லா அளவிலயும் இருக்கினம்.

இந்த வருசம் அதே விசயத்தைத் திரும்பக் கீறினன். சீனியர்மாரின்ர முகம் எல்லாத்தையும் எடுத்திட்டன். நாலு சோடி சப்பாத்து மட்டும். நடுவில முழங்காலில நிக்கிற பெடியன், காதில போன். கீழே ஒரே ஒரு வரி: "ஓம் அம்மா, அண்ணாமார் நல்லாக் கவனிக்கினம்."

மூண்டு நாள் சுவரில இருந்தது. முதலாம் வருசக்காரர் போகேக்க வரேக்க நிண்டு பார்த்திச்சினம், சிலர் போனில படமும் எடுத்தவை. நாலாம் நாள் அதுவும் கிழிபட்டுது. ஆனா இந்த முறை எனக்குக் கவலை வரேல்லை. நான் ஆற்றை முகத்தையும் கீறேல்லை. கிழிச்சவைதான் அந்தச் சப்பாத்து தங்கட எண்டு ஒத்துக்கொண்டினம்.