கை உடைந்த சிலையும் எழுத்து மறையும் கல்லும்

இத்தாலியில் கமோலிக்கும் போர்ட்டோஃபினோவுக்கும் நடுவே சான் ஃப்ருத்துவோசோ என்றொரு சிறு குடா. அங்கே சுமார் 17 மீட்டர் ஆழத்தில், இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி ஒரு வெண்கலக் கிறிஸ்து நிற்கிறார். 1954 ஆகஸ்ட் 22இல் இறக்கினார்கள். சிற்பி குய்தோ கல்லெத்தி. யோசனை துய்லியோ மார்க்கான்தேயுடையது. 1947இல் அந்தக் கடலில் மூழ்கப்போய் இறந்த தாரியோ கொன்ஸாத்தியின் நினைவாகத் தொடங்கியது, பிறகு கடலில் மாண்ட எல்லோருக்குமானதாக விரிந்தது. மூழ்குவோர் இன்று தேடிப்போகும் இடம். ஆண்டுதோறும் கோடையில் ஒரு இரவு புன்னையிலை மாதிரியான லாரல் வளையமொன்றைக் கீழே கொண்டுபோய் அவர் காலடியில் வைக்கிறார்கள்.

ஐம்பது வருஷத்தில் கடல் தன் வேலையைச் செய்தது. உலோகம் அரித்தது, பாசியும் சிப்பியும் மூடின, ஒரு கை உடைந்து போயிற்று. 2003இல் மேலே தூக்கிச் சீர்செய்து, 2004 ஜூலை 17இல் புதிய பீடத்தில் திரும்ப நிறுத்தினார்கள்.

ஏன் சீர்செய்ய வேண்டும், புதிதாக ஒன்றை வார்த்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். கேட்பது அபத்தமுமில்லை. இதே உருவத்தின் இன்னொரு வார்ப்பு 1965இலிருந்து ஃப்ளோரிடாவின் கீ லார்கோவில் கடலுக்கடியில் நிற்கிறது. கிரெனடாவிலும் ஒன்று, கரையில். பிரதிகள் பெருகிவிட்ட பிறகு மூலம் என்ன பெரிய மூலம்! ஆனால் சான் ஃப்ருத்துவோசோ சிலையின் விஷயம் உருவத்தில் இல்லை, உலோகத்தில் இருக்கிறது. போரில் மாண்டவர்களின் வீட்டார் தந்த பதக்கங்கள், கப்பல் மணிகள், கப்பல்களின் உறுப்புகள், இவற்றை உருக்கித்தான் அதை வார்த்தார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி அவனுடைய பதக்கத்தையும் கொடுத்திருக்கிறாள் என்றால், அதை ஒதுக்கிவிட்டுப் புது வெண்கலம் ஊற்றுவது அவள் கொடுத்ததைத் திருப்பி எறிவதுதான். கை புதுசாக இருக்கட்டும், முகம் தேய்ந்தே போகட்டும். உடம்பு பழசாக இருந்தாக வேண்டும்.

இதற்கு எதிராக ஜான் ரஸ்கினை யாராவது கொண்டுவருவார்கள். சீரமைப்பு என்பதே பொய், அது அழிவின் இன்னொரு பெயர் என்று 1849இலேயே எழுதியவர் அவர். காலம் படிந்த கல்லைத் தொடாதே என்பது அந்தக் கட்சி. நம்ம நண்பர்களில் பின்நவீனத்துவம் படித்தவர்களுக்கும் இது பிடிக்கும்: கடலும் ஒரு வாசகன்தானே, பவளம் எழுதுவதும் பிரதிதானே, ஒற்றை அர்த்தம் கரைவது விடுதலைதானே என்பார்கள். எனக்கு இதில் கொஞ்சம் மயக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த மயக்கத்தை ஹென்ரியட்டா மேரியிடம் கொண்டுபோய்ப் பாருங்கள்.

ஹென்ரியட்டா மேரி ஓர் ஆங்கில அடிமைக் கப்பல். ஆப்பிரிக்கர்களை ஜமைக்காவில் விற்றுவிட்டு லண்டன் திரும்பும் வழியில், 1700இல், கீ வெஸ்டுக்கு மேற்கே சுமார் 35 மைல் தொலைவில் மூழ்கியது. 1972இல் ஸ்பானியப் புதையல் தேடிப் போனவர்களின் கண்ணில் பட்டது. கிடைத்தவை விலங்குகள். தங்கம் இல்லையே, விட்டுவிட்டுப் போனார்கள். 1983இல் திரும்பி வந்து தோண்டியபோது மணி கிடைத்தது. அதில் கப்பலின் பெயரும் 1699 என்ற ஆண்டும் இருந்தன. விலங்குகளில் சில குழந்தைகளின் மணிக்கட்டுக்கு அளவெடுத்தவை. கப்பலுக்குப் பெயர் இருந்தது. விற்கப்பட்டவர்களில் ஒருவரின் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. 1993இல் கறுப்பின மூழ்குவோரின் தேசியச் சங்கத்தினர் அந்த இடத்தில் கான்கிரீட் கல்லொன்றை இறக்கி, நினைவுப் பலகையை ஆப்பிரிக்கா இருக்கும் திசை பார்த்து வைத்தார்கள்.

இங்கே பவளத்தை எழுத விடலாமா? கூடாது என்பேன். அகநானூற்றுப் பாட்டொன்றில் வழிப்போக்கர்கள் நடுகல்லைப் படிக்கிறார்கள். உளியால் வெட்டிய எழுத்து தேய்ந்து கிடப்பதால் அவர்களுக்குக் கிடைப்பது வேறு பொருள். தேய்ந்த எழுத்து சும்மா இருப்பதில்லை, தப்பாகப் பேசுகிறது. சிதைவை அழகாகப் பார்க்கும் சொகுசு, பெயர் ஏற்கெனவே ஆவணங்களில் பத்திரமாக இருப்பவர்களுக்கு. கொன்ஸாத்திக்கு அது உண்டு. ஜமைக்காவில் விற்கப்பட்டவளுக்கு இல்லை. அவளைப் பற்றி அங்கே உள்ளது அந்தப் பலகை மட்டும்தான், அதுவும் பெயரில்லாமல். எனவே சுரண்ட வேண்டும்; கல் பிளந்தால் எடுத்துவிட்டு வேறு கல் வைக்க வேண்டும், எத்தனை முறை ஆனாலும். இந்தக் கல்லின் கான்கிரீட்டில் யாருடைய பதக்கமும் இல்லை. படிக்க முடிவதுதான் அதன் உயிர். இத்தாலியில் மாற்றாதே என்றவன் இங்கே மாற்று என்கிறேனே என்றால், இரண்டிலும் நான் கேட்பது ஒன்றுதான்: செத்தவர்களின் பங்கு இதில் எங்கே இருக்கிறது, பொருளிலா சொல்லிலா?

யார் சுரண்டுவது என்பதும் உண்டு. சுற்றுலாப் படகுக்காரர் வாடிக்கையாளரின் புகைப்படத்துக்காகத் துடைப்பதும், 1993இல் அதை இறக்கியவர்களின் வழிவந்தவர்கள் போய்த் துடைப்பதும் ஒன்றல்ல.

அட்லாண்டிக்கைக் கடக்கும் வழியிலேயே இறந்தவர்கள் சுமார் 18 லட்சம் பேர். அவர்களுக்குக் கல் நட இடமேது? 2020இல் சில ஆய்வாளர்கள் ஒரு யோசனை வைத்தார்கள்: சர்வதேசக் கடல்தரை ஆணையத்தின் வரைபடங்களில், அடிமைக் கப்பல்கள் போன பாதைகளை நாடாக்கள் போல வரைந்து வைப்பது. பாசி பிடிக்காது, நங்கூரம் படாது. கடல்தரையைத் தோண்டிக் கனிமம் தேட நிறுவனங்களுக்கு ஒதுக்கிய பரப்புகளும் அதே வரைபடங்களில்தான் குறிக்கப்பட்டிருக்கின்றன.