தொலைக்காட்சித் தொலை இயக்கி

தொலைக்காட்சித் தொலை இயக்கி என்பது திரையைத் தொடாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை இயக்கவும் நிறுத்தவும், அலைவரிசையையும் ஒலியளவையும் மாற்றவும் உதவும் கைக்கருவி. பேச்சு வழக்கில் ரிமோட். தொடக்கத்தில் கூடுதல் விலைக்கு வாங்கும் வசதியாக இருந்தது. இன்றைய பெரிய திரைகள் பலவற்றில் பெட்டியின்மேல் ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கிறது. அதுவும் கீழ் விளிம்பில் கண்ணுக்குப் படாமல் இருக்கும். ஆகவே ரிமோட்டைத் திரையின் ஒரு பாகமாகவே கொள்ள வேண்டும்.

கட்டளையைக் கொண்டுசேர்க்க வானொலி அலை, கம்பி, கண்ணுக்குத் தெரியும் ஒளி, மீயொலி, அகச்சிவப்பு ஒளி ஆகியவை வெவ்வேறு காலங்களில் கையாளப்பட்டன. எட்ட இருந்து ஒரு குறியீட்டை அனுப்புவது 19ஆம் நூற்றாண்டிலேயே கைகூடிவிட்டது. தனக்கு உரியதல்லாத குறியீட்டைப் புறக்கணிக்க ஏற்பியைப் பழக்குவதற்குத்தான் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இக்கருவியின் வரலாறு பெரும்பாலும் அந்தப் போராட்டத்தின் வரலாறுதான்.

முன்னோடிகள்

1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குயர் கார்டனில் நடந்த மின்பொருள் கண்காட்சியில் நிக்கோலா டெஸ்லா ஒரு நீர்த்தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு ஏதுமின்றித் திருப்பிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று 613809 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. படகில் இருந்த ஏற்பிக்கு அலை வந்தது என்ற செய்தி மட்டுமே தெரியும். ஒவ்வொரு முறை அலை வரும்போதும் உள்ளிருக்கும் பொறி அடுத்த நிலைக்கு நகரும்.

ஸ்பானியப் பொறியாளர் லியோனார்தோ தோரெஸ் கெவேதோ 1903இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அறிமுகப்படுத்திய டெலிகினோ இதைவிட ஒரு படி மேலானது. அனுப்பப்படும் தந்தித் துடிப்புகளின் எண்ணிக்கையை ஏற்பி எண்ணும். எண்ணிக்கைக்கு ஏற்ப வெவ்வேறு வேலை நடக்கும். 1906இல் பில்பாவோ துறைமுகத்தில் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவின் முன்னிலையில் கரையில் நின்றபடி அவர் ஒரு படகைச் செலுத்திக் காட்டினார். தொலை இயக்கியின் தந்தை என்று டெஸ்லாவைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆயினும் துடிப்புகளைக் குறியீடாக்கி, குறியீட்டுக்கு ஒரு கட்டளை என்று வகுத்த இன்றைய முறையின் மூலம் தோரெசிடமே இருக்கிறது.

வீட்டுக்குள் கம்பியில்லா இயக்கத்தைக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஃபில்கோ நிறுவனம். 1939ஆம் ஆண்டு மாதிரிகளுக்காக அது வெளியிட்ட 'மிஸ்டரி கன்ட்ரோல்' ஒரு சிறு மரப்பெட்டி. அதன்மேல் பழைய தொலைபேசியில் உள்ளதுபோல் விரல்விட்டுச் சுழற்றும் வட்டு இருந்தது. சுழற்றும்போது எழும் வானொலித் துடிப்புகளை ரேடியோப் பெட்டி எண்ணி நிலையத்தை மாற்றிக்கொண்டது. வானொலி அலைக்குச் சுவர் ஒரு தடையல்ல என்பது இம்முறையின் அடிப்படைக் குறை. பக்கத்து வீட்டில் அதே அதிர்வெண்ணில் ஒரு பெட்டி இருந்தால் அதுவும் கட்டளைக்குப் பணிந்துவிடும்.

செனித் காலம்

தொலைக்காட்சிக்கான தொலை இயக்கி சிகாகோவின் செனித் நிறுவனத்தில் பிறந்தது. அதன் தலைவர் யூஜீன் மெக்டொனால்டு விளம்பரங்களை வெறுத்தவர். விளம்பரம் தாங்கிய தொலைக்காட்சியை மக்கள் நெடுங்காலம் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பி, கட்டணம் கட்டிப் படம் பார்க்கும் முறையை 1951இல் சிகாகோவில் 300 குடும்பங்களிடம் சோதித்தும் பார்த்தார். அது பரவும்வரை விளம்பரத்தின் வாயை அடைக்க ஒரு கருவி வேண்டும் என்று தம் பொறியாளர்களிடம் கேட்டார்.

முதலில் வந்தது 1950இன் 'லேசி போன்ஸ்'. கைக்கருவியிலிருந்து தடித்த கம்பி ஒன்று கூடத்தின் குறுக்கே ஓடிப் பெட்டிக்குள் இருந்த மோட்டாரை இயக்கியது. அலைவரிசை மாறும், பெட்டி நிற்கும், ஓடும். ஒலியைக் குறைக்க வழியில்லை. நடப்பவர்கள் கம்பியில் கால் தடுக்கி விழுந்தார்கள். மெக்டொனால்டு கேட்ட வேலையை அது செய்யவே இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

கம்பியில்லாத் தொலைக்காட்சித் தொலை இயக்கியைக் கண்டுபிடித்தவர் யூஜீன் பாலி. 1935இல் செனித்தின் பண்டகசாலையில் வேலைக்குச் சேர்ந்து, பொறியாளராக உயர்ந்து, 47 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றியவர். 1955இல் அவர் உருவாக்கிய 'ஃபிளாஷ்-மேட்டிக்' துப்பாக்கி வடிவிலான ஒரு கைவிளக்கு. திரையின் நான்கு மூலைகளிலும் ஒளிமின்கலங்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒரு மூலையில் ஒளியைப் பாய்ச்சினால் பெட்டி ஓடும் அல்லது நிற்கும். இன்னொன்று ஒலியை அடக்கும். மற்ற இரண்டும் அலைவரிசையை முன்னும் பின்னும் திருப்பும். விளம்பரத்தை வாய்மூடவைக்கும் வசதி இதில்தான் முதன்முதலாகக் கிடைத்தது. ஆனால் எந்த ஒளி தனக்கானது என்று அந்த ஒளிமின்கலங்களுக்குப் பிரித்தறியத் தெரியாது. மாலை வெயில் சன்னல் வழியே திரையில் விழுந்தால் அலைவரிசை தானே மாறிற்று.

அடுத்த ஆண்டே மாற்று வந்தது. வியன்னாவில் பிறந்து, அங்கேயே முனைவர் பட்டம் பெற்று, 1941இல் செனித்தில் சேர்ந்த ராபர்ட் ஆட்லர் மீயொலியைத் தேர்ந்தார். மீயொலி சுவரை எளிதில் தாண்டாது. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதால் மனிதக் காதுக்கும் எட்டாது. இதற்கிடையே விற்பனைப் பிரிவு ஒரு நிபந்தனை போட்டது: கைக்கருவியில் மின்கலம் இருக்கக் கூடாது, அது தீர்ந்துபோனால் வாங்கியவர் பெட்டியே கெட்டுவிட்டதாக எண்ணுவார். ஆட்லர் கண்ட விடை எளிமையானது. 1956இல் வந்த 'ஸ்பேஸ் கமாண்ட்' கருவிக்குள் நீளத்தில் சற்றே வேறுபட்ட நான்கு அலுமினியத் தண்டுகள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று தண்டின் முனையைத் தட்டும். தண்டு தன் நீளவாக்கில் அதிரும். அலுமினியத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர். 6.35 சென்டிமீட்டர் தண்டில் அரை அலைநீளம் அடங்குவதால் அதிர்வெண் 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அமையும். தண்டின் நீளம் சிறிது மாறினால் அதிர்வெண்ணும் மாறும். அந்த வேறுபாட்டைக் கொண்டே பெட்டி நான்கு கட்டளைகளையும் பிரித்தறிந்தது. மின்கலமும் இல்லை, மின்சுற்றும் இல்லை. தீர்ந்துபோக எதுவும் இல்லாத ரிமோட் அது. இன்றுவரை அதற்கு நிகரான சிக்கனத்தைக் காண்பது அரிது.

சுமை முழுவதும் பெட்டியின்மேல் விழுந்தது. தண்டின் ஒலியைக் கேட்டு வகைப்படுத்த ஆறு வால்வுகள் கூடுதலாகத் தேவைப்பட்டதால் விலை சுமார் 30 விழுக்காடு ஏறியது. 1960களில் டிரான்சிஸ்டர் வந்தபின் கைக்கருவிக்குள்ளும் மின்கலம் புகுந்தது, தண்டுகள் மறைந்தன. மீயொலி முறை கால் நூற்றாண்டு நிலைத்து, 90 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகளில் இடம்பெற்றது. அதற்கும் தன் குறை இருந்தது. சாவிக்கொத்தும் சில்லறைக் காசும் உரசும் ஓசையில் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வும் கலந்திருக்கும். யாரோ சட்டைப்பையில் காசைக் குலுக்கினால் அலைவரிசை மாறியது.

1997இல் கம்பியில்லாத் தொலை இயக்கிக்கான தொழில்நுட்ப எம்மி விருது பாலி, ஆட்லர் இருவருக்கும் உரியதாயிற்று. ஆட்லரின் பெயரில் 180 அளவில் காப்புரிமைகள் உண்டு, பாலிக்கு 18. இந்த எண்ணிக்கை வேறுபாட்டினாலோ என்னவோ பல நூல்கள் ஆட்லரை மட்டுமே குறிப்பிடுகின்றன. இது பாலிக்கு இழைக்கும் அநீதி. ஆட்லர் 2007இலும் பாலி 2012இலும் மறைந்தனர். செனித் 1995இல் கொரியாவின் எல்ஜி நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் போயிற்று.

அகச்சிவப்பு ஒளி

1974இல் பிபிசி தொடங்கிய சீஃபேக்ஸ் போன்ற எழுத்துச் சேவைகளில் பக்க எண்ணைத் தட்டிக் கேட்க வேண்டியிருந்தது. பத்து இலக்கங்களும் வேறு பொத்தான்களும் சேர்ந்தபோது பொத்தானுக்கு ஓர் அதிர்வெண் என்ற மீயொலி முறை திணறியது. 1970களின் இறுதியில் அகச்சிவப்பு ஒளி அதன் இடத்தைப் பிடித்தது. பெரும்பாலும் பயன்படும் அலைநீளம் 940 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, சுவரைக் கடக்காது.

வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. ஆனால் வெயில் சீராக விழுவது; ரிமோட்டின் ஒளியோ நொடிக்கு 38,000 முறை அளவில் மினுக்குவது. ஏற்பி அந்த மினுக்கலை மட்டுமே கவனிக்கும். பல ரிமோட்டுகளில் 455 கிலோஹெர்ட்ஸ் பீங்கான் அதிர்வி இருக்கும். அதை 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 38 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். ஜப்பானின் என்இசி முறைக் குறியீட்டில் கருவியின் முகவரிக்கு 8 துண்மி (பிட்), கட்டளைக்கு 8 துண்மி. ஒவ்வொன்றும் அடுத்து அப்படியே தலைகீழாக மறுபடி அனுப்பப்படும். நேரும் தலைகீழும் ஒத்துவந்தால்தான் பெட்டி பணியும். பிலிப்ஸ் வகுத்த ஆர்சி-5 முறை 36 கிலோஹெர்ட்ஸில் 14 துண்மிகளை அனுப்பும். விரலை எடுக்காமல் அழுத்துகிறோமா, விட்டுவிட்டு அழுத்துகிறோமா என்பதை அதிலுள்ள ஒரு துண்மி சொல்லிவிடும். டெஸ்லாவின் படகிலிருந்து தொடர்ந்து வந்த குழப்பம் இங்கே தீர்ந்தது.

பொத்தானின் அடியில் ரப்பரில் ஒட்டிய கரிப்பூச்சு, மின்பலகையிலுள்ள தடங்களைத் தொட்டு இணைக்கிறது. அடிக்கடி அழுத்தும் ஒலிப் பொத்தான்கள் முதலில் பழுதாவது அந்தப் பூச்சு தேய்வதால்தான். கீழே விழுந்தால் உடைவது பெரும்பாலும் பீங்கான் அதிர்வி. நம் வீடுகளில் ரிமோட்டிலிருந்து பிரிக்காமலே வைத்திருக்கும் நிறமற்ற பிளாஸ்டிக் உறை அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. எண்ணெய்க் கை, தூசு ஆகியவற்றிலிருந்து காக்கவும் செய்கிறது. ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால் போதும். ஒளி ஊதா நிறத்தில் மினுங்கினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

இந்தியாவில் 1959இல் டெல்லியிலும் 1975இல் சென்னையிலும் தொலைக்காட்சி தொடங்கியது. வண்ணம் 1982இல் வந்தது. செட்டாப் பெட்டிகள் வந்தபின் வீட்டுக்கு இரண்டு ரிமோட்டுகள் என்பது வழக்கமாயிற்று.

பெரிய திரையை அமைத்தல்

அகச்சிவப்பு ஏற்பி பொதுவாகத் திரையின் கீழ் விளிம்பில் இருக்கும். அதன் முன்னே நீண்ட ஒலிபெருக்கியை வைத்துவிட்டு ரிமோட் கெட்டுவிட்டதென்று எண்ணுபவர்கள் பலர். திரையின் பின்புறத் துளைகள் வெசா என்னும் பொது அளவின்படி 200க்கு 200 அல்லது 400க்கு 400 மில்லிமீட்டர் போன்ற இடைவெளியில் இருக்கும்; சுவர்த் தாங்கி அதே அளவுக்கும் திரையின் எடைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். செங்கல் சுவருக்கான பிடிப்பான் ஜிப்சம் பலகைக்கு உதவாது. திரையை இருவராகத் தூக்கி, கண்ணாடிப் பரப்பை அழுத்தாமல், விளிம்பைப் பிடித்து, நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும். மேசைமேல் நிறுத்துவதானால் சுவரோடு வார் போட்டு இறுக்குவது நல்லது. குழந்தைகள் பிடித்து ஏறும்போது சாயும் திரை உயிருக்கே ஆபத்து. அதே காரணத்துக்காக ரிமோட்டையும் பொம்மைகளையும் திரையின்மேலோ அருகிலுள்ள உயரமான தட்டிலோ வைக்கக் கூடாது. 55 அங்குலத் திரை சுமார் 122 சென்டிமீட்டர் அகலம்; பார்வையில் 30 பாகை அளவு அடங்க வேண்டுமானால் 2.3 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும்.

எச்டிஎம்ஐ கம்பி வழியே ஒரு கருவியின் ரிமோட் மற்றதையும் இயக்கும் சிஇசி வசதி பெரும்பாலான திரைகளில் உண்டு. சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க். இதை அமைப்புப் பட்டியலில் ஒருமுறை இயக்கிவிட்டால் ஒலிபெருக்கிக்குத் தனி ரிமோட் தேவைப்படாது. ரிமோட்டால் நிறுத்திய திரை அடுத்த கட்டளைக்காக விழித்தே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அந்நிலைக்கு அரை வாட் என்று வரம்பிட்டது. இடி மின்னல் தொடங்குமுன்பே சுவர்ச் சுவிட்சை அணைத்து, செருகியையும் கேபிள் கம்பியையும் கழற்றுவதே பாதுகாப்பு.

மின்கலம்

வழக்கமான ரிமோட்டில் 1.5 வோல்ட் டிரிபிள் ஏ மின்கலங்கள் இரண்டு. புதியதையும் பழையதையும் சேர்த்துப் போடக் கூடாது. அல்கலைன் மின்கலத்திலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கையுறை அணிந்து, சிறிது வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிட வேண்டும்.

மெல்லிய ரிமோட்டுகளில் உள்ள காசு வடிவ லித்தியம் மின்கலம் முற்றிலும் வேறு வகையான ஆபத்து. சிஆர் 2032 வகை 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கினால், ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து எரிகாரம் உருவாகி, இரண்டு மணி நேரத்திலேயே திசுவைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். மின்கலம் தீர்ந்து ரிமோட் ஓடாவிட்டாலும் இது நிகழ அதில் போதிய மின்சாரம் மிஞ்சியிருக்கும். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே வாந்தி எடுக்கவைக்க முயலாமல், அறிகுறிக்காகக் காத்திராமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். மின்கல அறையின் மூடி திருகாணியால் பூட்டப்பட்டதா என்று பார்த்தே ரிமோட்டை வாங்க வேண்டும். உடைந்த மூடியைப் பசைநாடாவால் ஒட்டிச் சமாளிப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் கூடவே கூடாது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூன் முதலும், அமெரிக்காவில் அதே ஆண்டு ஆகஸ்டில் இயற்றிய ரீஸ் சட்டத்தாலும் இத்தகைய பூட்டு கட்டாயமாக்கப்பட்டது.

இன்றைய நிலை

புளூடூத் ரிமோட்டுகளைத் திரையை நோக்கிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் முதலில் திரையோடு இணைக்க வேண்டும், மின்கலம் மாற்றியபின் சிலவற்றை மறுபடியும் இணைக்க வேண்டியிருக்கும். குரலாலும் கைப்பேசிச் செயலியாலும் இயக்கலாம். செயலிக்குக் கைப்பேசியும் திரையும் பெரும்பாலும் ஒரே வைஃபை இணைப்பில் இருக்க வேண்டும்.